போர்க்காலத்தில் நூலகங்களையும் அரும்பொருள்களையும் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கே முழு அளவிலான போர் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1992 ஆகஸ்டில் போஸ்னியத் தலைநகர் சராயேவோவின் தேசிய நூலகம் ஷெல் வீச்சில் பற்றி எரிந்தது. நூலகர்களும் நகரத்து மக்களும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, முடிந்த அளவு நூல்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 15 லட்சம் நூல்கள் இருந்த இடம் அது. பெரும்பகுதி போய்விட்டது.

இந்த வழிகாட்டி பெரிய தேசிய அருங்காட்சியகங்களுக்கானது அல்ல. ஒரு சிறிய நூலகம், ஆவணக் காப்பகம், பழம்பொருள்கள் உள்ள வழிபாட்டுத் தலம், ஊர் அருங்காட்சியகம், இப்படி ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவருக்காக எழுதுகிறேன். உலகெங்கும் எவை தப்பின, எவை அழிந்தன என்று தேடிப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது: தப்பியவற்றில் பெரும்பாலானவை, சண்டை நெருங்கும் முன்பே யாரோ பட்டியல் போட்டு, பெட்டி வாங்கி, இடம் பார்த்து வைத்ததால் தப்பியவை.

அழிவு நான்கு வழியில் வருகிறது. வேண்டுமென்றே குறிவைத்து அழிப்பது ஒன்று. வேறு எதையோ குறிவைத்த குண்டு இங்கே விழுவது இன்னொன்று. காவல் இல்லாத நேரத்தில் நடக்கும் கொள்ளை மூன்றாவது. நான்காவதைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை: கூரை ஒழுகும், மின்சாரம் நிற்கும், ஊழியர்கள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள், ஈரமும் பூஞ்சையும் கரையானும் மிச்சத்தைத் தின்னும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த நான்கையும் மனதில் வையுங்கள்.

படி 1: பட்டியல்

மற்ற எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். 2003 ஏப்ரலில் பாக்தாத் தேசிய அருங்காட்சியகம் கொள்ளையடிக்கப்பட்டபோது 1,70,000 பொருள்கள் போய்விட்டன என்று முதலில் செய்தி பரவியது. பிறகு நிதானமாகக் கணக்கெடுத்ததில் சுமார் 15,000 என்று தெரிந்தது. அதுவே பெரும் இழப்புதான். ஆனால் எது போனது, எது இருக்கிறது என்று உடனே சொல்ல முடியாத நாட்களில் திருடியவனுக்கு நல்ல அவகாசம் கிடைத்துவிடுகிறது.

ஒரு பொருளுக்கு ஒரு எண். அந்த எண்ணுக்கு நேராக: என்ன பொருள், எதனால் ஆனது, நீளம், அகலம், உயரம், எடை, எழுத்தோ முத்திரையோ இருந்தால் அது, காலம், செய்தவர் தெரிந்தால் பெயர், எங்கிருந்து வந்தது. இதோடு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: இந்தப் பொருளை இதே போன்ற மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். ஒரு வெண்கலச் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். “நின்ற கோலம், 42 செ.மீ.” என்று எழுதினால் அதே போல நூறு சிலை சந்தையில் இருக்கும். “வலக்கைச் சுண்டுவிரல் நுனி உடைந்தது, பீடத்தின் அடியில் வார்ப்பின்போது விழுந்த நீள்வட்டக் குழி, முதுகில் பழைய ஒட்டு” என்று எழுதினால் அது ஒன்றே ஒன்றுதான். ஊனங்கள்தான் சாட்சி. அவற்றை அழகாகக் காட்டும் நோக்கில் மறைத்துப் படம் எடுக்காதீர்கள்.

படத்துக்குப் பெரிய கேமரா தேவையில்லை, கைப்பேசி போதும். முன், பின், இரு பக்கம், அடிப்பாகம் என எல்லாக் கோணத்திலும் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். கல்வெட்டு, செதுக்கு வேலை என்றால் விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் வரிகள் எழும்பித் தெரியும். படக்கோப்பின் பெயரும் பொருளின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

பட்டியலுக்குக் குறைந்தது மூன்று பிரதி வேண்டும். ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் நம்பகமான நிறுவனத்திடம், ஒன்று காகிதத்தில் அச்சிட்டு. மின்சாரமும் இணையமும் இல்லாத வாரங்களில் காகிதம்தான் உதவும். அப்புறம், பொருள் எந்த அறையில் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற விவரத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் தனித்தாளில் வைத்து வேறாகப் பூட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கொள்ளைக்காரனுக்கு வழிகாட்டிப் புத்தகமாகிவிடும்.

கொள்ளை நடக்கும்போதுகூடப் பட்டியல் போட்டவர் உண்டு. நாஜிகள் பிரான்ஸில் பறித்த ஓவியங்களைப் பாரிஸின் ழெ த போம் கட்டடத்தில் குவித்துவைத்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை பார்த்த ரோஸ் வலான், தனக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பதையே காட்டிக்கொள்ளாமல், எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ரகசியமாகக் குறித்துக்கொண்டே இருந்தார். போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஓவியங்களைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்புகள் உதவின.

படி 2: எது முதலில் போக வேண்டும்?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. இதை ஒப்புக்கொள்ள மனம் வராது, ஆனால் இப்போதே முடிவு செய்யாவிட்டால் அந்த நாளில் கையில் அகப்பட்டதுதான் வெளியே வரும். 1939இல் பிரான்ஸின் தேசிய அருங்காட்சியகங்களின் துணை இயக்குநராக இருந்த ழாக் ழோழார் தலைமையில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்து ஓவியங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டபோது, பெட்டிமேல் வண்ண வட்டங்கள் குறிக்கப்பட்டன. மிக முக்கியமானவற்றுக்குச் சிவப்பு. மோனாலிசாவின் பெட்டிக்கு மூன்று சிவப்பு வட்டங்கள். போர் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பே லாரிகள் புறப்பட்டுவிட்டன.

நீங்கள் மூன்று பட்டியல் போடுங்கள்: பத்து நிமிடம் கிடைத்தால் எடுப்பவை, ஒரு மணி நேரம் கிடைத்தால் எடுப்பவை, ஒரு நாள் கிடைத்தால் எடுப்பவை. அளவுகோல் சந்தை விலையாக இருக்கக்கூடாது. இது அழிந்தால் உலகில் வேறெங்காவது இன்னொரு பிரதி உண்டா என்று கேளுங்கள். அச்சிட்ட நூலுக்குப் பெரும்பாலும் உண்டு. கையெழுத்துப் பிரதி, உள்ளூர்ச் செய்தித்தாளின் கட்டுகள், நில ஆவணங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடு, ஒலிப்பதிவு நாடாக்கள், பழைய புகைப்பட நெகட்டிவ்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. பத்து நிமிடப் பட்டியலில் முதலில் வரவேண்டியது நூலகத்தின் சேர்க்கைப் பதிவேடுதான் (வந்து சேர்ந்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதிவைக்கும் பதிவேடு) என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பொருள்களை வழிபடுபவர்களையும் பயன்படுத்துபவர்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நிபுணர் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு துணிக்கொடி ஒரு சமூகத்துக்கு உயிராக இருக்கலாம்.

படி 3: மின்னாக்கம்

ஸ்கேன் செய்த பிரதி மூலத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் எரிந்தபின் அது ஒன்றுதான் மிஞ்சும். ஈராக்கில் நஜீப் மிக்காயேல் என்ற டொமினிக்கன் சபைக் கிறித்தவத் துறவி 1990இலேயே பழஞ்சுவடிகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் பணியைத் தொடங்கிவிட்டார். 2014இல் ‘இஸ்லாமிய அரசு’ (ஐஎஸ்) என்ற ஆயுத அமைப்பின் படை நெருங்கியபோது மூலச்சுவடிகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார். தமிழில் நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்னாக்கி வருவதை நாம் அறிவோம்.

படி 2இல் போட்ட வரிசைப்படியே ஸ்கேன் செய்யுங்கள். வன்தட்டு ஒன்று, வேறு நாட்டில் உள்ள சேமிப்பு ஒன்று என்று இரண்டிடத்திலாவது இருக்கட்டும். உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தையும் மறந்துவிட வேண்டாம். 2022இல் உக்ரைன்மீது படையெடுப்பு நடந்தவுடன், உலகெங்கும் இருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து அந்நாட்டுப் பண்பாட்டு நிறுவனங்களின் தளங்களை அவசர அவசரமாகப் படியெடுத்தார்கள். சர்வர் இருக்கும் கட்டடமும் குண்டுக்கு இலக்காகலாம் அல்லவா?

படி 4: நகர்த்துவதா, இருக்கும் இடத்திலேயே காப்பதா?

இதுதான் மிகக் கடினமான முடிவு. நேரம் எடுத்து, இப்போதே யோசியுங்கள்.

நகர்த்தித் தப்பித்தவற்றுக்குப் பெரிய சான்று, பழஞ்சுவடிகளுக்குப் பேர்போன மாலி நாட்டு நகரமான திம்புக்டு. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, அப்தெல் காதர் ஹைதாராவும் சுவடி வைத்திருந்த குடும்பங்களும் சுவடிகளைத் தகர ட்ரங்குப் பெட்டிகளில் அடைத்து, வீடுகளில் ஒளித்து, பிறகு கார்களிலும் படகுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். லட்சக்கணக்கில் சுவடிகள் தப்பின. திம்புக்டுவின் சுவடி நூலகமான அஹ்மத் பாபா நிறுவனத்தில் மிஞ்சியிருந்தவற்றில் சுமார் 4,000 சுவடிகள் 2013 ஜனவரியில் அழிந்தன. ஆனால் பாலைவனத்தின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகளாக இருந்த தாள் பமாக்கோவின் ஈரக்காற்றுக்கு வந்ததும் புதுத் தொல்லை ஆரம்பித்தது: பூஞ்சை. எனவே போகுமிடத்தின் தட்பவெப்பத்தையும் பாருங்கள்.

நகர்த்துவதானால் முன்கூட்டியே நகர்த்துங்கள். 1941இல் லெனின்கிராட் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்திலிருந்து அரும்பொருள்களோடு இரண்டு ரயில்கள் போய்விட்டன. மூன்றாவதற்கான பெட்டிகள் தயாராக இருந்தும் முற்றுகை மூடிக்கொண்டது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். பெர்லினில் மிகப் பாதுகாப்பானது என்று நம்பிக் கான்கிரீட் கோபுரம் ஒன்றில் வைத்த 400க்கும் மேற்பட்ட ஓவியங்கள் 1945 மே மாதம், சண்டை ஓய்ந்த நேரத்தில், தீயில் போயின.

சேருமிடம் பார்க்கும்போது படைமுகாம், பாலம், ரயில் நிலையம், எரிபொருள் கிடங்கு, மின்நிலையம் பக்கத்தில் வேண்டாம். யார் எடுத்துப்போகிறார், யார் வாங்கிக்கொள்கிறார், எப்போது திருப்பித் தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லை தாண்டுவதானால் அரசின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அடி எடுத்துவைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் கொண்டுபோனதும் கடத்தலாகிவிடும்.

இருக்கும் இடத்திலேயே ஒளித்துவைப்பதிலும் பெரிய வெற்றிகள் உண்டு. காபூல் அருங்காட்சியகத்தின் பாக்திரியத் தங்கப் புதையல் (பண்டைய கல்லறைகளில் கிடைத்த பொன் அணிகள்), இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், 1980களின் இறுதியில் மத்திய வங்கியின் பாதுகாப்பு அறைக்குப் போனது. விஷயம் தெரிந்த சிலர், ஆட்சிகள் மாறி மாறி வந்தும், வாய் திறக்கவில்லை. 2003இல்தான் அது பத்திரமாக இருப்பது உலகுக்குத் தெரிந்தது. லெபனானின் பெய்ரூட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது தேசிய அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட மொரிஸ் ஷெஹாப், நகர்த்த முடியாத கல் சவப்பெட்டிகளையும் மொசைக்குகளையும் (சிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த ஓவியங்கள்) சுற்றிக் கான்கிரீட் வார்த்து மூடினார். சிறிய பொருள்களை நிலவறையில் வைத்துச் சுவர் எழுப்பினார். 1991க்குப் பிறகு கான்கிரீட்டை உடைத்தபோது கல் வேலைகள் நன்றாகவே இருந்தன. நிலவறையில்தான் நிலத்தடி நீர் ஏறிப் பல பொருள்கள் ஈரத்தில் கெட்டிருந்தன. பாக்தாத்தில் வங்கிப் பெட்டகத்தில் வைத்த, பண்டைய அசீரிய நகரான நிம்ரூத்தில் கிடைத்த தங்கமும் தண்ணீருக்குள்தான் கிடந்தது. தங்கம் என்பதால் தாங்கியது. நிலவறையை நம்பினால் எந்தப் பெட்டியும் தரையில் படாமல் மரப்பலகைமேல் உயர்த்தி வையுங்கள். தாளையும் துணியையும் அங்கே வைக்கவே வேண்டாம்.

ஒளித்த இடம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவரோடு அது புதையும். நான்கைந்து பேருக்குத் தெரியட்டும், ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருக்கக்கூடாது.

படி 5: பெட்டி கட்டுதல்

பொருள்களைக் குண்டு உடைப்பதைவிட அவசரத்தில் கட்டிய பெட்டி உடைப்பது சாதாரணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பேர் படியில் தூக்கி இறங்கக்கூடிய எடைக்குமேல் எந்தப் பெட்டியும் வேண்டாம். லிஃப்ட் வேலை செய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல்களை முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி, நெருக்காமலும் ஆடாமலும் அடுக்குங்கள். ஓலைச்சுவடியை இரு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, கயிற்றை இறுக்காமல் கட்டி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. அது காய்ந்து ஒட்டி, பிரிக்கும்போது ஓலையையும் சேர்த்துப் பிய்க்கும். செய்தித்தாளைப் பொருளின்மேல் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும், அமிலமும் இறங்கும். அமிலமற்ற தாள் கிடைக்காவிட்டால் துவைத்த பழைய பருத்தித் துணி நல்லது.

ஓவியத்தின் முகப்பில் பபிள் ரேப் படக்கூடாது. குமிழ்களின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். மூலைகளுக்கு அட்டை வைத்து, மேலே மெல்லிய தாள் போட்டு, பிறகு சுற்றுங்கள். கண்ணாடிச் சட்டமாக இருந்தால் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு ஓவியத்தைக் கிழிக்காது. படுக்கவைக்காமல் நிறுத்தியே ஏற்றுங்கள்.

பெட்டிக்கு வெளியே எண் மட்டும். உள்ளே என்ன என்று எழுதவே வேண்டாம். உள்ளே இருப்பதன் பட்டியல் ஒன்று பெட்டிக்குள், ஒன்று உங்கள் கையில். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மழைக்கான தார்ப்பாயைப் பெட்டிக்கு வெளியே போடுங்கள்.

பெட்டிகளும் துணியும் இப்போதே வாங்கி வையுங்கள். நெருக்கடி வந்த வாரத்தில் ஊரில் அட்டைப் பெட்டிகூடக் கிடைக்காது. ஒரு அலமாரியை மட்டும் எடுத்துக் கட்டிப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மொத்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது அப்போது புரியும்.

படி 6: அசைக்க முடியாதவை

சுவரோவியம், தரை மொசைக், தூண், கட்டடம் இவற்றை அங்கேயேதான் காக்க வேண்டும். 1943 ஆகஸ்டில் மிலான் நகரில் டாவின்சியின் ‘இறுதி இராவுணவு’ இருந்த கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் குண்டுவீச்சில் சரிந்தன. மணல் மூட்டைகளும் சாரமும் தாங்கியதால் ஓவியச் சுவர் நின்றது.

சிரியாவின் மஅர்ரத் அந்நுமான் மொசைக் அருங்காட்சியகத்தில் தொல்லியலாளர்கள் செய்ததைப் பாருங்கள். மொசைக் முகப்பில் துணியை விரித்து, நீரில் கரையும் பசையைத் தடவி ஒட்டவைத்தார்கள். கற்கள் உதிர்ந்தாலும் துணியோடு அதே ஒழுங்கில் நிற்கும். அதற்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். 2015இல் அங்கே குண்டு விழுந்தது. கட்டடம் கடுமையாகச் சேதமானது, மொசைக்குகளில் பெரும்பாலானவை தப்பின. பசை நீரில் கரைவதாக இருப்பது முக்கியம். கழுவ முடியாத பசையைத் தடவினால் அந்தக் கேட்டை நீங்களே செய்தவராவீர்கள். ஒரு பாதுகாப்பு வல்லுநரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மணல் மூட்டை சுவரைத் தொடக்கூடாது. இடைவெளி விட்டால்தான் காற்று ஓடும், ஈரம் தங்காது. பரணில் கிடக்கும் பழைய மரம், அட்டை, வண்ணப்பூச்சு டப்பாக்களைக் காலி செய்யுங்கள். தீ பரவுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒவ்வொரு தளத்திலும் மணல் வாளி வையுங்கள், குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள்.

படி 7: சட்டத்தையும் சின்னத்தையும் பயன்படுத்துதல்

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் ஹேக் உடன்படிக்கை 1954இல் வந்தது. 1999இன் இரண்டாம் நெறிமுறை அதை வலுப்படுத்தியது. நீலமும் வெள்ளையுமான கேடயம் அதன் சின்னம். உங்கள் நாடு இதில் சேர்ந்திருக்கிறதா, சின்னம் வைக்க அனுமதி தரும் அலுவலகம் எது என்று இப்போதே கேட்டுவையுங்கள். கட்டடத்தின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையை அவர்களிடமும் யுனெஸ்கோவிடமும் கொடுத்து வையுங்கள். விமானத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சுவரில் உள்ள சின்னத்தைவிட அந்த எண்கள்தான் கண்ணில் படும்.

பண்பாட்டையே குறிவைத்து அழிக்கும் படை எதிரே இருந்தால் சின்னம் காப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுக்கலாம். அங்கே வைக்காமல் இருப்பதே மேல் என்று நினைக்கிறேன். எந்தச் சூழலிலும் விட்டுக்கொடுக்கக்கூடாத ஒன்று உண்டு: எந்தத் தரப்பின் படையும் உள்ளே தங்கவோ, மாடியில் காவல் நிற்கவோ, ஆயுதம் வைக்கவோ இடம் தராதீர்கள். படை உள்ளே வந்துவிட்டால் சட்டம் தரும் பாதுகாப்பு ஆட்டம் காணும். உள்ளே வராதீர்கள் என்று முடிந்தவரை எழுத்தில் கேளுங்கள், அவர்கள் மறுத்தால் அதையும் பதிவு செய்யுங்கள். திம்புக்டுவின் கல்லறை மாடங்களை இடித்ததற்காக அஹ்மத் அல் ஃபாகி அல் மஹ்திக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. அத்தகைய வழக்குக்குச் சாட்சியமாவது இப்படிப்பட்ட பதிவுகள்தான்.

படி 8: தாக்குதல் வந்துவிட்டால்

மனிதர்கள் முதலில். சிரியாவின் பழம்பெரும் நகரான பல்மைராவின் தொல்லியலாளர் காலித் அல் அஸாத், எண்பது வயது கடந்தவர், 2015 ஆகஸ்டில் ஐஎஸ் அமைப்பினரால் கொல்லப்பட்டார். அவர் துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் உங்கள் ஊழியர் எவரிடமும் அப்படி எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. எந்தக் கட்டத்தில் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று முன்பே பேசி முடிவு செய்து, அந்தக் கட்டம் வந்ததும் கிளம்புங்கள்.

படி 9: முதல் 48 மணி நேரம்

வெடிக்காத குண்டு இல்லை என்று உரியவர்கள் சொல்லும்வரை உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள். சொன்னபிறகு, எதையும் தொடும் முன் படம் எடுங்கள். பிறகு தரையைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் இடிபாட்டையும் தனித்தனிப் பெட்டியில், கட்ட எண்ணுடன் சேருங்கள். குப்பை லாரி வந்து நிற்கும், சீக்கிரம் அகற்றச் சொல்லி நெருக்குவார்கள். அனுமதிக்காதீர்கள். விரல் நுனி அளவு சில்லும் பின்னால் ஒட்டுவதற்கு வேண்டும்.

நனைந்த தாளில் இரண்டே நாளில் பூஞ்சை தொடங்கும். குறைவாக இருந்தால் நூலை நிறுத்தி விரித்து, பக்கங்களுக்கு இடையே உறிஞ்சுதாள் வைத்து, மின்விசிறிக் காற்றில், வெயில் படாமல் உலர்த்துங்கள். நிறைய இருந்தால் உலர்த்த முயலவே வேண்டாம். பையில் போட்டு உறையவைத்துவிடுங்கள். மீன் பதனிடும் ஆலையின் குளிர்கிடங்குகூட உதவும். உறைந்துவிட்டால் அவசரம் தீர்ந்தது, மாதங்கள் கழித்தும் சரிசெய்யலாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்காதீர்கள். புகைக்கரி படிந்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரி உள்ளே இறங்கும். கூரை போயிருந்தால் அன்றே தார்ப்பாய் போடுங்கள்.

மறுகட்டுமானம் வருடங்கள் கழித்து வரும். வார்சாவின் பழைய நகரை மீண்டும் எழுப்ப முடிந்ததற்கு, கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து போர்க்காலத்தில் ஒளித்துவைக்கப்பட்ட வரைபடங்கள் ஒரு முக்கியக் காரணம். போஸ்னியாவில் மோஸ்தார் நகரின் பழைய பாலம் 1993இல் தகர்ந்து 2004இல் திரும்ப எழுந்தபோதும் பழைய அளவுகள்தான் துணை நின்றன.

படி 10: திருடுபோனவற்றைத் தேடுதல்

உடனே காவல்துறையில் எழுத்துமூலப் புகார் கொடுங்கள். இன்டர்போலின் திருடுபோன கலைப்பொருள் தரவுத்தளத்தில் நீங்கள் நேரடியாகச் சேர்க்க முடியாது. உங்கள் நாட்டின் காவல்துறை வழியாகத்தான் போக வேண்டும், அதனால் புகாரின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தரவுத்தளத்தில் தேட ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலி இருக்கிறது. யாராவது “இவ்வளவு கொடுத்தால் திருப்பித் தருகிறேன்” என்று வந்தால் பேரம் பேசாதீர்கள். ஒரு பொருளுக்குப் பணம் கொடுத்தால் அடுத்த பத்துக்குச் சந்தை உருவாகிவிடும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2199ஆம் தீர்மானம் ஈராக், சிரியாவிலிருந்து சட்டவிரோதமாக வெளியே போன பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தையே தடை செய்கிறது.

திருடுபோன பொருள்கள் உடனே வெளியே வருவது அரிது. இருபது, முப்பது வருடம் கழித்து ஏதோ ஒரு ஏலத்தில் தலைகாட்டும். அப்போது ஒரு சுங்க அதிகாரி உங்களைத் தொடர்புகொள்ளப் பார்ப்பார். எனவே தரவுத்தளத்தில் ஓர் ஊழியரின் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்காமல் நிறுவனத்தின் நிலையான முகவரியையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். பொறுப்பு கைமாறும்போது, இழந்தவற்றின் பட்டியலையும் படங்களையும் புகார்ப் பிரதியையும் சாவிக்கொத்தோடு சேர்த்துப் புதியவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.